இருபது பேட்டரியும் எரிந்த பீட்சா கடையும்: 1989இல் புரூக்ளினிலிருந்து வந்த ஒரு கேள்வி

கோடை வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு நாள். நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு கறுப்பின இளைஞன் கொரியத் தம்பதி நடத்தும் மளிகைக் கடைக்குள் நுழைந்து இருபது பேட்டரி கேட்கிறான். 'டி' அளவு. கடைக்காரர் காதில் 'சி' என்று விழுகிறது. கொஞ்ச நேரம் கத்தல், வசவு, ஒருவழியாக வியாபாரம் முடிகிறது. இருபதையும் போட்டால்தான் அவன் தோளில் சுமக்கும் ரேடியோ பாடும். அதுவும் ஒரே பாட்டு, காலையிலிருந்து அதே பாட்டு. அன்று இரவு முடிவதற்குள் ரேடியோ நொறுங்குகிறது, அவன் சாகிறான், தெருமுனையில் இருக்கும் பீட்சா கடை எரிகிறது.

ஸ்பைக் லீ எழுதி, இயக்கி, தயாரித்து, நடிக்கவும் செய்த 'டூ த ரைட் திங்' படத்தின் கதை, சுருக்கமாகச் சொன்னால், இவ்வளவுதான். அமெரிக்காவில் 1989 ஜூன் 30 அன்று திரைக்கு வந்தது. ரேடியோவில் ஓயாமல் ஒலிக்கும் பாட்டு, பப்ளிக் எனிமி என்ற ராப் குழு அந்தப் படத்துக்காகவே செய்த 'ஃபைட் த பவர்'.

இங்கே படத்தை விமர்சனம் செய்யப்போவதில்லை. கலை சமூகத்தை மாற்றும் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். எந்தப் படம், எந்த ஊரில், எதை மாற்றியது என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சு தடுமாறும். அந்த இரண்டாவது கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே இதை எடுத்துக்கொண்டேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் படமும் பாட்டும் நேரடியாக ஒரு சட்டத்தையும் மாற்றவில்லை. ஒரு கலவரத்துக்குப் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போது எதை முதல் வரியில் எழுதுவது, செத்த உயிரையா எரிந்த கடையையா, என்ற கேள்வியை ஒரு நகரத்தின் மண்டைக்குள் ஏற்றின. அது இறங்கவே இல்லை.

முன்கதை

1983 செப்டம்பர் 15, விடியலுக்கு முன். மன்ஹாட்டனின் ஃபர்ஸ்ட் அவென்யூ சுரங்க ரயில் நிலையத்தில் சுவரில் கிறுக்கியதாகச் சொல்லி மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயது கறுப்பின இளைஞரைப் போக்குவரத்துக் காவலர்கள் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் நினைவு தப்பிய நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். 13 நாள் கழித்து இறந்தார். 1985இல், முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி ஆறு காவலர்களையும் விடுவித்தது.

சுவரெழுத்து என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஹிப் ஹாப் என்றால் வேகமாகப் பேசிப் பாடுவது மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ராப், டிஜே, பிரேக் டான்ஸ், சுவரெழுத்து என்று அதற்கு நான்கு கால்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், ஜமைக்காவிலிருந்து வந்த டிஜே கூல் ஹெர்க் தன் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டு சுழற்றினார். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் துண்டை இரண்டு சுழல்மேசைகளில் மாற்றி மாற்றி நீட்டினார். பள்ளி திறக்கும் நேரத்தில் புதுத் துணி வாங்கத் தங்கைக்குக் காசு வேண்டியிருந்தது, அதற்காக வைத்த விருந்து அது. இந்தப் பண்பாட்டுக்குச் சொல்லப்படும் பிறந்தநாள் அன்றுதான். கையில் ஒன்றும் இல்லாத பிள்ளைகள் ஊர்ச் சுவரையும் ரயில் பெட்டியையும் தெருமுனையையும் தங்களுடையதாக ஆக்கிக்கொண்ட கதை இது. ஆகவே சுவரில் எழுதியதற்காக ஒருவர் பிடிபட்டுச் செத்தபோது, அந்த உலகத்துக்கு அது வீட்டுச் சாவு. ஓவியர் பாஸ்கியா அந்த மரணத்தைத் தன் நண்பர் கீத் ஹேரிங்கின் பட்டறைச் சுவரிலேயே வரைந்தார்.

1984 அக்டோபர் 29 அன்று பிராங்க்ஸில், வாடகை பாக்கிக்காக எலினார் பம்பர்ஸ் என்ற 66 வயது மூதாட்டியை அரசுக் குடியிருப்பிலிருந்து வெளியேற்ற வந்த போலீஸ், கையில் கத்தி வைத்திருந்த அவரைத் துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டது. சுட்ட காவலர் 1987இல் விடுதலையானார். 1986 டிசம்பர் 20 அன்று குவீன்ஸ் பகுதியின் ஹவர்ட் பீச்சில் நடந்தது, படத்தின் நேரடி விதை. கார் பழுதாகி நடந்து வந்த கறுப்பின ஆட்கள் ஒரு பீட்சா கடைக்குள் போனார்கள். வெளியே வந்தபோது பேஸ்பால் மட்டைகளோடு வெள்ளை இளைஞர் கும்பல் நின்றது. துரத்தலில் நெடுஞ்சாலைக்குள் ஓடிய மைக்கேல் கிரிஃபித், 23 வயது, கார் மோதி இறந்தார்.

பீட்சா கடை, மட்டை, ஸ்டூவர்ட் வழக்கில் காவலர்கள் மேல் சொல்லப்பட்ட கழுத்தை நெரிக்கும் பிடி. மூன்றையும் லீ படத்துக்குள் கொண்டுவந்தார். படத்தின் முடிவில் ஆறு குடும்பங்களுக்குக் காணிக்கை என்று பெயர்கள் வரும். அதில் மேலே சொன்ன மூவரும் உண்டு.

ஒரே தெரு

பாரமவுண்ட் நிறுவனத்துக்குக் கதை பிடித்திருந்தது, முடிவு பிடிக்கவில்லை. கடை முதலாளி சாலும் அவரிடம் வேலை பார்க்கும் மூக்கியும் கடைசியில் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆனால் நன்றாக இருக்குமே என்றார்கள். லீ மாட்டேன் என்றார். யுனிவர்சல் ஏற்றுக்கொண்டது, ஆனால் ஒதுக்கிய பணம் குறைவு: சுமார் 65 லட்சம் டாலர். அந்தக் கட்டிப்பிடிப்பு மட்டும் நடந்திருந்தால் இன்று இந்தப் படத்தைப் பற்றி யாரும் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

படப்பிடிப்பு 1988 கோடையில், புரூக்ளினின் பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட் பகுதியில், குவின்சி தெருவுக்கும் லெக்சிங்டன் அவென்யூவுக்கும் நடுவில் உள்ள ஸ்டைவசன்ட் அவென்யூவில் நடந்தது. ஒரே ஒரு துண்டுத் தெரு. பீட்சா கடையும் கொரியர் கடையும் காலி மனையில் எழுப்பிய அரங்குகள். அக்காலத்தில் அந்தப் பகுதியைக் கிராக் போதைப்பொருள் அரித்துக்கொண்டிருந்தது. படக்குழு பாதுகாப்புக்கு நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின முஸ்லிம் அமைப்பின் ஆட்களை அமர்த்தியது. அவர்கள் முதல் வேலையாக அந்தத் தெருவில் போதைப்பொருள் புழங்கிய வீடுகளை மூடவைத்தார்கள். ஆனால் படத்துக்குள் போதைப்பொருளே இல்லை. ஏன் இல்லை என்று அன்றைக்கே கேட்டார்கள். கறுப்பர் வாழும் தெரு என்றாலே அதைத்தான் முதலில் தேடுவீர்களா என்பது லீயின் எதிர்க்கேள்வி. நியாயம்தான், இருந்தாலும் முழுப் பதில் ஆகாது.

ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் டிக்கர்சன், கலை இயக்குநர் வின் தாமஸ், உடை வடிவமைப்பாளர் ரூத் கார்ட்டர் மூவரும் சேர்ந்து செய்த முக்கியமான வேலை, வெக்கை. ஒரு சுவர் முழுக்கச் சிவப்புப் பூசினார்கள். நீலமும் பச்சையும் கண்ணில் அதிகம் படாமல் பார்த்துக்கொண்டார்கள். லென்ஸுக்கு அடியில் நெருப்பு வைத்துக் காற்றை நெளியவிட்டார்கள். சித்திரை வெயிலில் மின்வெட்டு வந்த தெருவில் நின்றவர்களுக்கு இது புரியும். எல்லோருக்கும் ஒரு சுற்றுக் கோபம் ஏற்கெனவே ஏறியிருக்கும், யார் முதலில் வாயைத் திறப்பது என்பது மட்டும்தான் பாக்கி.

நடிகர் தேர்விலும் ஒரு வரலாறு இருக்கிறது. தெருவின் குடிகாரப் பெரியவராக வருபவர் ஆஸி டேவிஸ். 1965இல் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் இறுதிச் சடங்கில் இரங்கல் உரை நிகழ்த்தியவர் அவர்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைக் கண்காணிக்கும் மூதாட்டி, அவருடைய மனைவி ரூபி டீ. பழைய குடிமை உரிமைப் போராட்டத் தலைமுறையை நேரே கொண்டுவந்து, ரேடியோ சுமக்கும் புதிய தலைமுறைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார் லீ. ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கவில்லை என்பதுதான் வேதனை.

பாட்டு பிறந்த விதம்

லீ முதலில் கேட்டது வேறு. கறுப்பின மக்களின் தேசிய கீதம் என்றே சொல்லப்படும் 'லிஃப்ட் எவ்ரி வாய்ஸ்' என்ற பாட்டை ஹிப் ஹாப் பாணியில் செய்யலாமா என்றார். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1900இல் எழுதிய பாட்டு, தேவாலயத்திலும் பள்ளியிலும் எழுந்து நின்று பாடுவது. பப்ளிக் எனிமியின் இசைத் தயாரிப்பாளர் ஹாங்க் ஷாக்லிக்கு அது சரிப்படவில்லை. ஜன்னலைத் திறந்து, தெருவில் போகும் கார்களில் என்ன ஒலிக்கிறது என்று கேளுங்கள், நம் பிள்ளைகள் இதையா கேட்கிறார்கள் என்ற பொருளில் வாதாடினார். லீ விட்டுக்கொடுத்தார், ஆனால் முழுதாக விடவில்லை. படம் தொடங்கும்போது பிரான்ஃபோர்ட் மார்சாலிஸின் சாக்ஸஃபோனில் அந்தப் பழைய கீதம் தனியாக ஒலிக்கும். அது ஓய்ந்ததும் ரோஸி பெரஸ் குத்துச்சண்டைக் கையுறையோடு ஆட, புதுப் பாட்டு இடியாக இறங்கும். இரண்டு தலைமுறைக்கும் நடுவில் சில விநாடி இடைவெளிதான்.

தலைப்பு 1975இல் ஐஸ்லி பிரதர்ஸ் பாடிய பாட்டிலிருந்து வந்தது. குழுவின் முதன்மைப் பாடகர் சக் டி வரிகளை எழுதினார். இசையை பாம்ப் ஸ்குவாட் என்று பெயர் வாங்கிய தயாரிப்புக் குழு செய்தது. அவர்கள் முறையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒரு முரசடி, ஒரு கத்தல், ஒரு ஊதல் என்று துண்டு துண்டாக எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். காதுக்கு முதலில் இரைச்சல். கொஞ்சம் உற்றுக் கேட்டால், முப்பது ஆண்டுக் கறுப்பின இசை ஒரே நேரத்தில் ஒரே அறையில் பேசுவது போல இருக்கும். அடுக்கில் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' முரசடியும் உண்டு. அதை வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்கு, அவர் அடி எத்தனையோ பாட்டுகளில் எடுத்தாளப்பட்டும், உரிமைத்தொகை கிடைக்கவில்லை. அதிகாரத்தை எதிர்க்கும் பாட்டின் அடித்தளத்திலேயே கூலி கிடைக்காத ஓர் உழைப்பு இருக்கிறது. இப்படிப் பழைய பாட்டின் துண்டை எடுத்தாள்வதற்கு சாம்ப்லிங் என்று பெயர். 1991இல் சாம்ப்லிங் வழக்கு ஒன்றில் நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்பளித்த பிறகு, இப்படி அடுக்கி இசை செய்வது கட்டுப்படியாகாத செலவு ஆகிவிட்டது. இந்தப் பாட்டு நான்கைந்து ஆண்டு தள்ளி வந்திருந்தால் இந்த ஓசையில் வந்திருக்க முடியாது.

பாட்டில் எல்விஸ் பிரெஸ்லியைச் சக் டி வைவது எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதை ஒட்டி வரும் வரி: என் நாயகர்கள் பெரும்பாலும் தபால்தலைகளில் வருவதில்லை என்பது அதன் பொருள். 1993இல் அமெரிக்க அஞ்சல்துறை எல்விஸுக்குத் தபால்தலை வெளியிட்டது. அந்நாட்டு நினைவுத் தபால்தலைகளில் அதிகம் விற்றது அதுதான். 2020 ஜூலையில் ஹிப் ஹாப்பின் நான்கு கால்களுக்கும் தபால்தலை வந்தது. இதை வெற்றி என்பதா, தாமதம் என்பதா?

1989 ஏப்ரல் 22 அன்று புரூக்ளின் தெருக்களில் ஓர் ஊர்வலத்தையே திரட்டி இந்தப் பாட்டுக்கான வீடியோவை லீ படமாக்கினார். அது குடிமை உரிமை கேட்டு நடந்த 1963 வாஷிங்டன் பேரணியின் செய்திச் சுருளில் தொடங்கும். இனி நாங்கள் அந்த வழியில் போகப்போவதில்லை என்று சக் டி அதை வெட்டிவிட்டுப் பேசுவார். அடுத்த மாதமே குழுவுக்குள் குண்டு வெடித்தது. பேட்டி ஒன்றில் குழு உறுப்பினர் புரொஃபசர் கிரிஃப் யூதர்களைப் பற்றி வெறுப்பாகப் பேசிவைத்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்து, சக் டி அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கும்படி ஆனது. இனவெறியை எதிர்த்து ஊருக்கே பாட்டுக் கொடுத்தவர்கள் தங்கள் வீட்டு வெறுப்புக்குப் பதில் சொல்லத் தடுமாறினார்கள். இதை மறைத்துவிட்டுப் பாட்டைப் புகழ்ந்தால் ஆய்வு ஆகாது.

பாட்டு தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. 1991இல் பெல்கிரேடில் பி92 வானொலிக்குச் செய்தி வாசிக்கத் தடை வந்தபோது, அவர்கள் செய்திக்குப் பதில் இந்தப் பாட்டைப் போட்டார்கள்.

சுவரில் யார் படம்?

கதையில் சண்டை தொடங்குவது ரேடியோவால் அல்ல, சுவரால். சாலின் கடைச் சுவரில் புகழ்பெற்ற இத்தாலிய அமெரிக்கர்களின் படங்கள்: சினாட்ரா, டிமாஜியோ, பசினோ. பகின் அவுட் என்ற இளைஞன் பீட்சாவைக் கடித்துக்கொண்டே கேட்கிறான்: ஏன் ஒரு கறுப்பர் படம்கூட இல்லை? நீ கடை வை, உன் சுவரில் யாரை வேண்டுமானாலும் மாட்டிக்கொள் என்கிறார் சால். இங்கே சாப்பிட வருபவர்கள் எல்லாம் நாங்கள், கல்லாவில் விழுவது எங்கள் காசு, எங்களுக்கு ஓர் ஆணிக்குக்கூட இடம் இல்லையா என்பது அவன் வழக்கு.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். டீக்கடைச் சுவரில் யார் படம் தொங்குகிறது என்று பார்த்தே அந்தக் கடைக்காரர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிற ஊர் நம்முடையது. படம் மாட்டுவது அலங்காரம் இல்லை, அது பட்டா.

லீயின் திறமை எங்கே இருக்கிறது என்றால், பகின் அவுட்டை அவர் வீரனாக்கவில்லை. அவன் கடையைப் புறக்கணிக்கச் சொல்லித் தெருத் தெருவாகப் போகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். சால் பீட்சா தின்று வளர்ந்தவர்கள் நாங்கள், போடா என்கிறார்கள். கடைசியில் அவனுடன் நிற்பது, இருபது பேட்டரி வாங்கிய அந்த ரேடியோ ரஹீமும், திக்கிப் பேசும் ஸ்மைலியும் மட்டும். ஸ்மைலி கையில் எப்போதும் ஒரு புகைப்படம், மார்ட்டின் லூதர் கிங்கும் மால்கம் எக்ஸும் சேர்ந்து சிரிப்பது. அந்த இருவரும் நேரில் சந்தித்தது ஒரே முறை, 1964 மார்ச் 26 அன்று, வாஷிங்டனில். அந்த ஒரு நிமிடத்தைத்தான் ஸ்மைலி தெருவில் கூவி விற்கிறான்.

பெண்கள் விஷயத்தில் படம் இவ்வளவு நுட்பமாக இல்லை. தொடக்கத்தில் அத்தனை ஆவேசமாக ஆடிய ரோஸி பெரஸ், கதைக்குள் மூக்கியின் காதலி டீனாவாக வீட்டுக்குள்ளேயே அடைபட்டு அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவர் ஆட்டத்தில் இருந்த கோபத்துக்குக் கதையில் இடமே ஒதுக்கவில்லை.

அந்த இரவு, மறுநாள் காலை

கடை மூடும் நேரம். மூவரும் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு நுழைகிறார்கள். வாய்ச்சண்டை முற்றி, சால் ஓர் இனவசவை உதிர்த்து, மட்டையால் ரேடியோவை அடித்து நொறுக்குகிறார். ஒரு நொடி மௌனம். காலையிலிருந்து காதைத் துளைத்த பாட்டு நின்றதும்தான் அது அந்தத் தெருவுக்கு என்னவாக இருந்தது என்று உறைக்கிறது. ரஹீம் சாலின் கழுத்தைப் பிடிக்கிறான், சண்டை வீதிக்கு உருள்கிறது, போலீஸ் வருகிறது. ஒரு காவலர் தன் தடியை ரஹீமின் கழுத்தில் குறுக்கே வைத்து இழுக்கிறார். கால் தரையைவிட்டு எழும்பித் துடிக்கிறது. உடன் வந்த காவலர் போதும் என்கிறார். விடவில்லை. உடலைக் காரில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அதன் பிறகு மூக்கி குப்பைத்தொட்டியைத் தூக்கிக் கடைக் கண்ணாடியில் எறிகிறான். கூட்டம் உள்ளே புகுகிறது, கடை எரிகிறது. தீயணைப்பு வண்டி வந்து கூட்டத்தின் மீதே தண்ணீரைப் பீய்ச்சுகிறது. 1963இல் பர்மிங்காமில் குடிமை உரிமை கேட்டுப் போராடிய பிள்ளைகள் மீது பாய்ச்சிய தண்ணீர் அமெரிக்கர்களுக்கு மறக்காது. எரியும் சுவரில் ஸ்மைலி தன் புகைப்படத்தை ஒட்டுகிறான். கடைசியில் ஒரு கறுப்பர் படம் அந்தச் சுவருக்கு ஏறிவிட்டது. ஆனால் சுவர் எரிந்துகொண்டிருக்கிறது.

விடிந்ததும் சாலும் மூக்கியும் சாம்பலுக்கு முன்னால் நின்று பேசுகிறார்கள். மூக்கி வாரக்கூலி 250 டாலரைக் கேட்கிறான். சால் நூறு டாலர் தாள்களைக் கசக்கி அவன் மேல் எறிகிறார். காப்பீட்டுப் பணம் வருமே என்கிறான் அவன். இந்தக் கடையை என் கையால் கட்டினேன் என்கிறார் அவர். இருவரில் யார் பேசுவதும் பொய் இல்லை. அப்போது உள்ளூர் வானொலியில் செய்தி: நேற்றிரவு நடந்ததை மேயர் விசாரிக்க உத்தரவிட்டிருக்கிறார், யாரும் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதை நியூயார்க் நகரம் பொறுத்துக்கொள்ளாது. செத்தவன் பெயரை அந்த அறிக்கை சொல்லவில்லை. அந்த ஒரே செய்தியில் லீ தன் முழு வாதத்தையும் வைத்துவிட்டார். தேர்தல் வருகிறது, வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள் என்றும் அந்த அறிவிப்பாளர் நினைவூட்டுவார்.

வெளியான பிறகு

1989 மேயில் கான் திரைப்பட விழாவில் படம் போட்டியிட்டது, தங்கப் பனை விருது ஸ்டீவன் சோடர்பர்க்கின் படத்துக்குப் போனது. நடுவர் குழுத் தலைவர் விம் வெண்டர்ஸ் மீது லீக்கு நெடுங்காலம் கோபம் இருந்தது. ஆனால் உண்மையான கூத்து அமெரிக்கப் பத்திரிகைகளில் நடந்தது. இதைப் பார்த்துவிட்டு வெளியே வரும் கறுப்பின இளைஞர்கள் கலவரம் செய்வார்கள் என்று பெயர்பெற்ற விமர்சகர்கள் எழுதினார்கள். 'நியூயார்க்' இதழில் ஜோ கிளைன், இந்தப் படத்தால் மேயர் தேர்தலில் நிற்கும் கறுப்பின வேட்பாளர் டேவிட் டிங்கின்ஸுக்குத்தான் அடி விழும் என்றார். எங்கேயும் கலவரம் நடக்கவில்லை. அமெரிக்காவில் படம் சுமார் 2.75 கோடி டாலர் வசூலித்தது. சிகாகோவில் ஓர் இளம் ஜோடி முதல் சந்திப்புக்கு இந்தப் படத்துக்குப் போனது: பராக் ஒபாமாவும் மிஷெலும்.

மூக்கி செய்தது சரியா என்று முப்பது ஆண்டுகளாக லீயிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் வெள்ளையர்கள் மட்டுமே, கறுப்பர் ஒருவரும் கேட்டதில்லை என்பது அவர் பலமுறை சொன்ன பதில். கண்ணாடி உடைந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய விமர்சனங்கள், ரஹீம் கொல்லப்பட்டதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயின என்பது அவர் மனக்குறை. படத்தில் மேயர் அலுவலகம் செய்ததைத்தான் படத்துக்கு வெளியே விமர்சகர்களும் செய்தார்கள். இதைவிடத் தெளிவான சான்று லீக்குத் தேவையில்லை.

ஆஸ்கரில் சிறந்த படப் பட்டியலிலேயே இது இல்லை. விருது வாங்கியது, வயதான வெள்ளைக்காரப் பெண்மணிக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் கார் ஓட்டும் படம். இந்த ஆண்டின் உண்மையைச் சொன்ன படம் பட்டியலில் இல்லை என்று நடிகை கிம் பேசிங்கர் அதே மேடையில் நின்று சொன்னார். 2019இல் லீ வேறொரு படத்துக்காக எழுத்துக்கான ஆஸ்கர் வாங்கிய அதே இரவில், சிறந்த படமாக வந்தது மீண்டும் ஒரு கார் ஓட்டும் கதை. யாராவது யாரையாவது காரில் அழைத்துப் போகும்போதெல்லாம் நான் தோற்கிறேன் என்று அவர் சிரித்தார்.

என்ன மாறியது?

படம் வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. 1989 ஆகஸ்ட் 23, புரூக்ளினின் பென்சன்ஹர்ஸ்ட். பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போன 16 வயது யூசுஃப் ஹாக்கின்ஸை வெள்ளை இளைஞர் கும்பல் சூழ்ந்துகொண்டது. அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிலும் மட்டைகள் இருந்தன. திரையில் எரிந்த கடை ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் டிங்கின்ஸ் நகரின் முதல் கறுப்பின மேயர் ஆனார், சுமார் 47,000 வாக்கு வித்தியாசத்தில். இதைப் படத்தின் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு. நான் எழுதமாட்டேன். ஸ்டூவர்ட்டிலிருந்து ஹாக்கின்ஸ் வரை வரிசையாக விழுந்த உடல்களும், தெருவில் இறங்கிய ஊர்வலங்களும், வீடு வீடாக வாக்குச் சேர்த்தவர்களும் செய்த வேலை அது. படம் அந்தக் கூட்டத்தில் ஒரு குரல், அவ்வளவே. 1990இல் ஃப்ளாட்புஷில் கொரியர் மளிகைக் கடை ஒன்றைக் கறுப்பின மக்கள் மாதக்கணக்கில் புறக்கணித்தபோது டிங்கின்ஸ் திணறினார். 1991இல் கறுப்பினத்தவருக்கும் யூதர்களுக்கும் இடையே கிரவுன் ஹைட்ஸ் கலவரம். 1993இல் ஜூலியானியிடம் பதவியை இழந்தார். அதன் பிறகு வந்த காவல் முறை கறுப்பின இளைஞர்களுக்கு இன்னும் கடுமையாகத்தான் இருந்தது.

திரைத்துறைக்குள் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. 1991இல் ஜான் சிங்கிள்டன் தன் முதல் படத்தை வெளியிட்டு, சிறந்த இயக்குநர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். டிக்கர்சன் இயக்குநரானார். ரூத் கார்ட்டர் பின்னாளில் இரண்டு ஆஸ்கர் வாங்கினார். இது வேலைவாய்ப்புக் கணக்கு, இதையும் குறைத்துப் பேசக்கூடாது.

கழுத்துப்பிடிக்கு வருவோம். 1993இல் நியூயார்க் காவல்துறை தன் விதிகளில் அதை முழுதாகத் தடை செய்தது. விதி இருந்தது, பிடியும் இருந்தது. 2014 ஜூலை 17 அன்று ஸ்டேட்டன் ஐலண்டில், வரி கட்டாத சிகரெட் விற்றார் என்ற சந்தேகத்தில் எரிக் கார்னரைக் காவலர் ஒருவர் கழுத்தை வளைத்துப் பிடித்தார். மூச்சுவிட முடியவில்லை என்று பதினொரு முறை சொல்லிவிட்டு அவர் இறந்தார். நண்பர் ஒருவர் கைபேசியில் அதைப் பதிவு செய்தார். லீ உடனே அந்தக் காட்சியையும் ரஹீமின் கடைசிக் காட்சியையும் வெட்டி ஒட்டி ஒரு சிறு காணொளி வெளியிட்டார். எது 1989, எது 2014 என்று பிரித்துப் பார்க்க நேரம் பிடிக்கும். இரண்டுமே பெருத்த உடல்கள், இரண்டிலும் கழுத்தை நெரிக்கும் ஒரு பிடி, சுற்றி நிற்பவர்கள் கத்துவதும் ஒன்றே. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டதும் மூன்றாவது உடலையும் சேர்த்து '3 பிரதர்ஸ்' என்று மறுபடி வெளியிட்டார். 2020 ஜூன் 12 அன்று நியூயார்க் மாநிலம், கழுத்துப்பிடியால் காவலர் யாருக்காவது பெரும் காயமோ மரணமோ விளைவித்தால் குற்றம் என்று சட்டம் போட்டது. சட்டத்துக்கு எரிக் கார்னர் பெயர். கார்னரின் தாயும், ஆறு ஆண்டு தெருவில் நின்றவர்களும் கொண்டுவந்த சட்டம் அது. ஆனால் அந்த மரணத்தைப் பார்த்த பலருக்கு முதல் நொடியிலேயே நினைவில் வந்த பெயர், வாழாத ஒரு மனிதனின் பெயர், ரேடியோ ரஹீம். கற்பனைப் பாத்திரம் ஒன்று நிஜ மரணங்களுக்கு முன்னோடியாக எண்ணப்படுவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

படம் எடுத்த தெருத்துண்டுக்கு 2015இல் நகரம் படத்தின் பெயரையே வைத்தது. அதற்குள் அந்தப் பகுதியில் வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது, பழைய குடும்பங்கள் பல வெளியேறிவிட்டன. படத்திலேயே சைக்கிளோடு வரும் ஒரு வெள்ளைக்காரர், மூன்று மாடி வீட்டை வாங்கிவிட்டேன், இது சுதந்திர நாடு என்பார். அன்றைக்கு அரங்கு சிரித்த வசனம் அது.

மினியாபொலிஸுக்குத் திரும்புகிறேன். ஃபிளாய்ட் இறந்த வாரம் அங்கே காவல் நிலையத்தைச் சுற்றி மூன்று இரவு தீ எரிந்தது. பக்கத்தில் 'காந்தி மஹால்' என்று ஓர் இந்திய உணவகம், நடத்தியவர் வங்கதேசத்திலிருந்து வந்தவர். முதல் இரவுகளில் காயம்பட்ட போராட்டக்காரர்களுக்குக் கட்டுப்போட உள்ளே இடம் கொடுத்திருந்தார்கள். பிறகு அந்த உணவகமும் எரிந்தது. அப்போது அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட மகள் அதை ஃபேஸ்புக்கில் எழுதினார்: என் கட்டடம் எரியட்டும், நீதி கிடைக்க வேண்டும், அந்தக் காவலர்களைச் சிறையில் போடுங்கள்.